ஈரல் பொடி

மனிதர்கள் எங்களிடம் குழாயில்தான் வருவார்கள். மூன்று மில்லி, ஐந்து மில்லி, மேலே ஒரு ஸ்டிக்கர். எனக்கு அது வசதியாகவே இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பதினாறு வருடமாகப் பொறுப்பில் இருக்கிறேன். பெயர் கிருபாவதி. நோயாளிகளோடு பேசும் வேலை எனக்குக் கிடையாது. கிடைத்தால் அவர்கள் பாவம் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. எனக்குப் பொறுமை குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தங்கச்சி மகள் சீமந்தம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். மெஷின் அப்படிச் செய்யாது. கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண் சரி என்று நான் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் என் பிழைப்பு.

திருமூர்த்தியும் எனக்கு முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமானார். இந்த வருடம் ஜனவரியில். அவருடைய ஏ.எஃப்.பி. 186.

ஏ.எஃப்.பி. என்பது ஒரு புரதம். தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் ஈரல் அதை அள்ளி அள்ளிச் செய்யும். பிறந்த பிறகு மெல்ல மெல்ல நிறுத்திவிடும். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க ரத்தத்தில் பத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஐம்பது, அறுபது வயதில் ஒருவருடைய ஈரல் அதைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தால், அங்கே சில செல்கள் தங்கள் வயதை மறந்துவிட்டு வயிற்றுப் பிள்ளை போலப் பெருகத் தொடங்கியிருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் மட்டும்தான். காமாலைக் கிருமி ஈரலைச் சீண்டினாலும் இது கொஞ்சம் ஏறும். புற்று இருந்தும் ஏறாமல் இருப்பதும் உண்டு. அதனால் இந்த எண்ணை ஸ்கேனோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார், நான்கு ஷெட். ஹெபடைட்டிஸ் பி என்ற காமாலைக் கிருமி உடம்பில் எத்தனை வருடமாக இருந்ததோ, அவருக்கே தெரியாது. ஈரல் சுருங்கி இறுகிய பிறகுதான் தெரிந்தது. ஸ்கேனில் ஒன்று புள்ளி நான்கு சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு தெரிந்தது. புற்றாகவும் இருக்கலாம், வெறும் தழும்பாகவும் இருக்கலாம். ஈரல் மருத்துவர் சுரேந்தர் கிருமிக்கு மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து எம்.ஆர்.ஐ.யும் ஏ.எஃப்.பி.யும் பார்ப்போம் என்று எழுதினார். முடிச்சு மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்து, பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழையாமல் இருக்கும்வரை பயமில்லை. வெளியிலிருந்து ஊசியை விட்டுச் சுட்டுவிடலாம். ஆள் இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏப்ரலில் ரத்தம் வந்தது. ஏ.எஃப்.பி. 4.1.

நூற்றெண்பத்தாறு நான்காக இறங்கினால் மெஷினே மஞ்சள் விளக்குப் போட்டு நிறுத்தும். நிறுத்தியது. நான் அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். 4.0. சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஆளாளுக்கு ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. தான் கொடுத்த மாத்திரை கேட்கிறது என்று சுரேந்தர் நினைத்தார். எண் இப்படி விழுந்த பிறகு எம்.ஆர்.ஐ.க்கு அவசரமில்லை, அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். என் மெஷின் இரண்டு முறை ஒன்றே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். திருமூர்த்தி என்ன நினைத்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆகஸ்டில் திரும்ப வந்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று ஊர் மருத்துவர் தைராய்டு பார்க்கச் சொல்லியிருந்தார். சுரேந்தர் ஏ.எஃப்.பி.யும் சேர்த்து எழுதினார்.

ஏ.எஃப்.பி. 3.2. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தைராய்டுதான் உதைத்தது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்யம், தைராய்டு சுரக்கும் டி4 இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. இப்படி முடிவு வந்த ஆளுக்குக் கை நடுங்க வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும், ஓர் இடத்தில் உட்கார முடியாது. ரத்தம் எடுத்த மெல்வினைக் கூப்பிட்டுக் கேட்டேன். மெல்வின் பத்து வருடமாக என்னோடு இருக்கிற டெக்னீஷியன்.

"கல்லு மாதிரி உக்காந்திருந்தாருங்க மேடம். ஊசி குத்தறப்பக்கூட கண்ணச் சிமிட்டல. நாடி அறுபத்தெட்டு."

"நெசமா பாத்தியா, இல்ல வாய்க்கு வந்ததச் சொல்றியா?"

"பாத்தனுங்க மேடம்."

ஒரு பரிசோதனை பொய்யாகக் குறைகிறது, இன்னொன்று பொய்யாகக் கூடுகிறது. எங்கள் மெஷின் பழையது. இரண்டையும் ஒரே நேரத்தில் அப்படி ஏமாற்றக்கூடிய பொருள் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பயோட்டின். முடி கொட்டுகிறது என்று பெண்பிள்ளைகள் வாங்கிச் சாப்பிடும் மாத்திரையில் இருக்கும் வைட்டமின். அது ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தால் டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். ஏ.எஃப்.பி.யையும் டி.எஸ்.எச். அளக்கும் அதே வழியில்தான் அளக்கிறோம்.

திருமூர்த்தியின் ரத்தத்தில் எஞ்சியிருந்ததை எடுத்துத் தண்ணீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டினேன். நீர்த்த அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் பழைய 3.2 வர வேண்டும். 140 வந்தது. ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்தேன். 1,300 வந்தது. பயோட்டின் நீர்க்க நீர்க்க உண்மை மேலே வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் மாதத்து நான்கும் இதே பொய்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன் கீழே என் பெயர் இருந்தது.

வெளியே போனேன். காத்திருக்கும் இடத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒல்லியாக ஒருவர். பக்கத்தில் மடியில் துணிப்பையோடு அவர் மனைவி ராசாத்தாள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, என்ற ரத்தத்துல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"உக்காருங்க. முடி கொட்டாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ராசாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வேற? சத்து மாத்திரை, டானிக், நாட்டு மருந்து. டாக்டர் எழுதிக் குடுக்காதது எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் பிடிபட்ட மாதிரி இல்லாமல், ரகசியத்தைச் சொல்ல ஆள் கிடைத்த மாதிரிச் சொன்னார்.

"குஞ்சுக்குப் போடற லிவர் பொடிங்க. மூணாவது வாரத்துல சில குஞ்சுக்கு ஈரல் வெளுத்துப்போயி கொழுப்புக் கட்டிக்கும். நடக்கமாட்டாம உழுந்து செத்துப்போயிரும். தீவனத்துல இந்தப் பொடியக் கலந்தா நாலு நாள்ல ஈரல் கருஞ்செவப்பா வந்துருமுங்க. நானே அறுத்துப் பாத்திருக்கறேன். கோழி ஈரலும் ஈரல்தானுங்களே. மாசி மாசத்துல இருந்து தெனமும் ஒரு ஸ்பூன். ஊட்டுக்காரி தண்ணில கலக்கிக் குடுத்துருவா."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"கோழிப் பொடியக் குடிக்கறன்னு எப்படிங்க சொல்றது? சிரிப்பாருங்கல்லொ. ஆனா வேலை செஞ்சிருக்குது பாருங்க. தை மாசம் நூத்தி எம்பத்தாறு. சித்திரையில நாலு. இன்னிக்கு எவ்வளவுங்க?"

துணிப்பையிலிருந்து ஏப்ரல் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். அதை லேமினேட் செய்து வைத்திருந்தார். பிளாஸ்டிக்குக்குக் கீழே என் கையெழுத்து பளபளவென்று இருந்தது.

அவர் செய்தது முட்டாள்தனம் என்று நினைத்தால் அது நம்முடைய முட்டாள்தனம். பொடி டப்பாவின் படத்தைச் செல்போனில் காட்டினார். சின்ன எழுத்தில் எல்லாம் போட்டிருந்தது. ஒரு ஸ்பூனில் நூறு மில்லிகிராம் பயோட்டின். மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல மூவாயிரம் மடங்கு. குஞ்சுகளுக்கு வரும் அந்த ஈரல் நோய் பயோட்டின் குறைவால் வருவது, அதனால் குஞ்சுகள் பிழைத்துக்கொள்கின்றன. அவருக்கு வந்தது வேறு. ஆனால் அவர் வெளுத்த ஈரல் சிவந்ததைக் கண்ணால் பார்த்தவர். நூற்றெண்பத்தாறு நான்கானதையும் பார்த்தவர். வேறென்ன அத்தாட்சி வேண்டும் ஒரு மனிதனுக்கு.

சுரேந்தரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இன்றைய 3.2 உட்பட விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார் அவர்.

"இன்னிக்கு முடியாதுங்க டாக்டர். சாயங்காலம் பன்னெண்டாயிரம் குஞ்சு வருது. நம்பரு மூணுல இருக்குது, என்னத்துக்குங்க ஸ்கேனு?"

"அந்த மூணு பொய்யி," என்றேன் நான். "தண்ணி கலந்து பாத்தா ஆயிரத்து முந்நூறு வருது."

"தண்ணி ஊத்துனா எப்படிங்க அம்மணி ஏறும்? எந்த ஊருல நடக்கும் அது? உங்க மெசினுலதான் ஏதோ கோளாறு."

வாதாடிப் பார்த்தோம். கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். ஐந்து நாள் பொடியை நிறுத்துவது, ஆறாம் நாள் வந்து ரத்தம் கொடுப்பது. எண் ஏறியிருந்தால் மறுபேச்சுப் பேசாமல் எம்.ஆர்.ஐ.க்குள் படுப்பது. அந்த ஐந்து நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. சிங்காநல்லூரில் பஸ் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் இடம் மறந்துபோனது.

ஆறாம் நாள் காலை ரத்தம் வந்தது. நீர்க்கச் செய்து, பெருக்கி, சரிபார்த்து முடிவு போட்டேன். 1,870. இந்த முறை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தாலும் அதே எண்தான் வந்தது.

சுரேந்தரின் அறையில் திருமூர்த்தி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாத்தீங்களாங்க?" என்றார். "பொடி குடிச்ச வரைக்கும் மூணு, நாலுன்னு இருந்துச்சு. நீங்க நிறுத்தச் சொன்னீங்க. அஞ்சே நாள்ல ஆயிரத்து எண்ணூத்தி எழுவது. ஷெட்டுலயும் இதேதானுங்க நடக்கும். பொடிய நிறுத்துனா அடுத்த வாரமே குஞ்சு உழுகும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. பொய்யை உடைக்க நான் கேட்டு வாங்கிய ரத்தமே அவருடைய நம்பிக்கைக்கு அத்தாட்சியாகிவிட்டது. அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால் அவர் சொல்வதில் ஓர் ஓட்டை கூட இல்லை.

"நான் ஊருக்குப் போறனுங்க. ரெண்டு ஸ்பூனாக் குடிச்சா எறங்கிரும். ராசாத்தா, பையை எடு."

"போனீங்கன்னா செத்துப்போவீங்க," என்றேன். சுரேந்தர் என் கையைத் தொட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. "இப்ப பாத்தா ஊசியில சுடலாமான்னாவது தெரியும். இன்னும் ரெண்டு மாசம் கோழிப் பொடி குடிச்சுட்டு வந்தா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் பதினாறு வருசமா இந்த நம்பரத்தான் பாத்துட்டு இருக்கறேன்."

"நானும் பதினெட்டு வருசமா கோழியத்தானுங்க பாக்கறேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "நீங்க படிச்சவீங்க. ஆனா எவன் சொன்னாலும் நான் நம்பறவன் இல்லீங்க. கம்பெனிக்காரன் எந்த மருந்து கொண்டாந்தாலும் ஷெட்டுக்கு நடுவுல தட்டி கட்டிருவேன். இந்தப் பாதிக்குப் போட்டு, அந்தப் பாதிக்குப் போடாம உட்டுப் பாப்பேன். ஒரே குஞ்சு, ஒரே தீவனம், ஒரே தண்ணி. அப்பறம் அறுத்துப் பாப்பேன். அப்படிப் பாத்துத்தான் இந்தப் பொடியவே வாங்குனது."

அவர் கதவு வரை போய்விட்டார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

"அதையே இங்க செஞ்சு பாக்கலாம், வாங்க," என்றேன். "பொடி கையில இருக்குதுங்களா?"

ராசாத்தாளின் பையில் ஒரு பாட்டில் இருந்தது. ஐந்து நாள் முடிந்ததும் உடனே ஆரம்பித்துவிட எடுத்து வந்திருந்தார்கள்.

பரிசோதனைக் கூடத்துக்குள் வெளியாட்களை விடக்கூடாது என்று விதியை எழுதி ஒட்டியதே நான்தான். இருவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். செருப்புக்கு மேல் நீல உறையை மாட்டிக்கொண்டு, அவர்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். காலையில் எடுத்த அவருடைய ரத்தத்தின் தெளிந்த நீரை அவர் கண் முன்னாலேயே இரண்டு குழாய்களில் சமமாக ஊற்றினேன். ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் அவரே தன் கையால் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கலக்கினார். மெல்வின் அதை வடிகட்டித் தெளிய வைத்தான்.

"ஒரு குழாயில தண்ணி ஒரு சொட்டு. இன்னொண்ணுல பொடித் தண்ணி ஒரு சொட்டு. ஒரே ரத்தம்."

"எதுல எதுன்னு உங்களுக்குத் தெரியக்கூடாதுங்க அம்மணி. தெரிஞ்சா நீங்க உங்களுக்குத் தோதா எழுதிப்போடுவீங்க."

என் வேலையில் இதுவரை யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நானும் மெல்வினும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டோம். அவர் சொட்டு விட்டார். குழாய்களில் ஒன்று, இரண்டு என்று எழுதினார். எதில் எது என்பதை ஒரு சீட்டில் குறித்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மெஷினுக்குப் பதினெட்டு நிமிடம் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இந்த மெஷின் புரதத்தைப் பிடித்து ஒரு சின்ன மணியின் மேல் உட்கார வைக்கும். உட்கார்ந்திருப்பதை எண்ணும். உட்காராததைக் கழுவி விட்டுவிடும். பிடித்து உட்கார வைக்கிற கொக்கியே பயோட்டின்தான். ரத்தத்திலேயே பயோட்டின் எக்கச்சக்கமாக இருந்தால் இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும்.

"பஸ்ஸுல முன்னாடியே எவனோ எல்லா சீட்டுக்கும் துண்டு போட்டு வெச்ச மாதிரி. ஏற வந்தவங்க எடமில்லாம எறங்கிருவாங்க. கண்டக்டர் பாத்துட்டு, இன்னிக்கு ஆளே இல்லைன்னு எழுதிக்குவார்."

"ஸ்டாண்டுல கூட்டம் அப்படியே நிக்கும்," என்றார் ராசாத்தாள். அதுவரை வாயைத் திறக்காதவர்.

"ஆமாங்கம்மா. நின்னுட்டேதான் இருக்கும்."

திரையில் எண்கள் வந்தன. இரண்டாம் குழாய், 1,842. முதல் குழாய், 5.

திருமூர்த்தி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். அதை எனக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நீட்டினார். நேர்மையான மனிதர். முதல் குழாய்க்கு நேரே 'பொடி' என்று எழுதியிருந்தார்.

அவர் அந்த முதல் குழாயை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் நீர், அவ்வளவுதான்.

"இதுக்குள்ள ஈரலே இல்லீங்களே," என்றார்.

அந்த நேரத்தில் நான் ஜெயித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மெல்வின் கூடச் சிரித்தான். பதினைந்து நிமிடத்தில் திருமூர்த்தியை எம்.ஆர்.ஐ. அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேட்டியை அவிழ்த்து மருத்துவமனை அங்கியை மாட்டிக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு சுரேந்தர் கூப்பிட்டார். நான் போனபோது திருமூர்த்தியும் ராசாத்தாளும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஈரலின் படம். முடிச்சு இப்போது நான்கு சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. அதைவிட முக்கியமானது பக்கத்தில் இருந்தது. ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாயின் வலது கிளைக்குள் அது நுழைந்திருந்தது. சுரேந்தர் மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னார். இனி ஊசியில் சுட முடியாது. அறுத்து எடுப்பதோ ஈரலை மாற்றுவதோ பலன் தராது. வேகத்தைக் குறைக்க ஊசி மருந்தும் மாத்திரையும் உண்டு. சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. இன்றே ஆரம்பிக்கலாம்.

"கொணமாகுமுங்களா?"

"வேகத்தத்தான் குறைக்கலாங்க."

திருமூர்த்தி தலையாட்டினார்.

"சித்திரையில பாத்திருந்தா?"

சுரேந்தர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. நான் சொன்னேன்.

"ஊசியில சுட்டிருக்கலாம். ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போயிருப்பீங்க. அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நான்தான். தண்ணி கலந்து பாக்கற வேலைய அன்னிக்கே செஞ்சிருக்கணும். செய்யல. மன்னிச்சுக்குங்க."

"உங்களுக்கென்னங்க தெரியும், நான் என்னத்தக் குடிச்சேன்னு," என்றார். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. மருந்து எத்தனை நாளைக்கு ஒரு தடவை, கோயம்புத்தூருக்கே வர வேண்டுமா, காங்கேயத்திலேயே போட்டுக்கொள்ளலாமா என்று சுரேந்தரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். குஞ்சு விட்டு முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, யாரை விட்டு வருவது என்பதுதான் அவருடைய அடுத்த கவலை. நான் எழுந்து வெளியே வந்தேன்.

ராசாத்தாள் பின்னாலேயே வந்தார். வராந்தாவில் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கை சொரசொரவென்று சூடாக இருந்தது.

"ஏனுங்க அம்மணி, உங்களையொண்ணு கேக்கோணும். அவருக்கு முன்னால கேக்க முடியல."

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கு சித்திரையில ரத்தம் குடுக்க வரப்போ, வெறும் வயித்துல வரச் சொல்லியிருந்தீங்க. விடிகாலைல நாலு மணிக்கு எந்திரிச்சு நான் அவரக் கேட்டேன், இன்னிக்கு ஒரு நாளைக்குப் பொடிய உட்டுரலாமுங்களான்னு. மருந்து சாப்பாடாகுமா, கலக்குன்னு சொல்லிப்போட்டாரு. எனக்கு மனசே இல்ல. ஆனாலும் கலக்கிக் குடுத்துப்போட்டேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நான் கலக்காம உட்டிருந்தா, உங்க மெசினு நெசத்தச் சொல்லியிருக்குமுங்களா?"

இதற்கு எனக்கு விடை தெரியும். பயோட்டின் வேகமாகக் கழியும் பொருள். ஒரு நாள் விட்டிருந்தாலே பாதிக்கு மேல் சிறுநீரில் போயிருக்கும். முழு எண்ணும் வந்திருக்காது. ஆனால் நான்கு என்று நிச்சயம் காட்டியிருக்காது. நாற்பதோ ஐம்பதோ காட்டியிருக்கும். நாற்பது என்று வந்திருந்தால் சுரேந்தர் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டார். முடிச்சு அப்போது இரண்டு சென்டிமீட்டர் கூட இருந்திருக்காது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்த கையை விடவில்லை.

"இல்லீங்கம்மா," என்றேன். "அஞ்சு நாள் நிறுத்துனாத்தான் தெரியும். ஒரு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காது. நீங்க கலக்கியிருந்தாலும், கலக்காட்டியும் அதே நாலுதான் வந்திருக்கும்."

"நெசமாங்க?"

"நெசமாத்தாங்க. இதுதான என்ற வேலையே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவரிடம் திரும்பிப் போனார். என் பெயரில் வெளியே போன தவறான முடிவுகள் இரண்டு. இரண்டாவதைத் தெரிந்தே கொடுத்தேன்.